சிவப்பு விழுந்தா யாரை நம்புறது? மலை வாசகர்களுக்கு அக்கா பதில்கள்

போன இதழ்ல பேச்சுவாக்குல ஒரு வரி எழுதிட்டேன், பெங்களூர்ல பதினஞ்சு வருஷம் ஃபர்ம்வேர் (மெஷினுக்குள்ளயே இருந்து அத ஓட்டுற புரோகிராம்) வேலை பாத்துட்டு இப்ப கோத்தகிரிக்கு மேல ஒரு வீட்டுல ஒம்போது சின்ன கம்ப்யூட்டர் போர்டை வரிசையா வச்சு ராத்திரி பூரா பில்டும் டெஸ்டும் ஓட்டிக்கிட்டு இருக்கேன்னு. அவ்ளோதான், பெட்டி நெறைஞ்சு போச்சு. எல்லாத்துக்கும் பதில் எழுத இடம் பத்தாது, அதனால மலையிலேந்து வந்தத மட்டும் எடுத்துக்கிட்டேன். கீழ இருக்குறவங்க கோச்சுக்காதீங்க, உங்களுக்கு இல்லாத நாலு தொல்லை எங்களுக்கு இருக்கு: கரண்ட், மேகம், மழை, குரங்கு.

கேள்வி: அம்மா, எனக்கு ரெண்டு ஏக்கர் தேயிலை. பையன் வீட்டுலேந்தே கம்ப்யூட்டர் வேலை பாக்குறான். பின்னாடி ரூம்ல ஒரு பெரிய பெட்டியும் சின்னச் சின்ன போர்டுமா ராத்திரி பூரா மினுக்கிக்கிட்டே இருக்கு, அவன் தூங்கிடுறான், அது தூங்க மாட்டேங்குது. கேட்டா "பில்டு ஓடுதுப்பா"ங்கறான். கரண்ட் பில்லப் பாத்தா பகீர்ங்குது. அத நிறுத்தினா என்ன ஆகும்? (தேயிலை விவசாயி, கட்டபெட்டு)

அய்யா, நீங்க குடுக்குற கொழுந்து ஃபேக்டரிக்குப் போனா என்ன ஆகுதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. வாட்டி, அரைச்சு, புளிக்க வச்சு, ட்ரையர்ல காய வச்சு, சலிச்சு, அதோட விட்டுடுறாங்களா? டீ மேக்கர் ஒவ்வொரு லாட்டுலயும் கொஞ்சம் எடுத்து கொதிதண்ணி ஊத்தி உறிஞ்சிப் பாத்துத் துப்புறார்ல, அந்த வேலைதான் ராத்திரி உங்க பின்ரூம்ல நடக்குது. உங்க பையனோ அவன் கூட வேலை பாக்குறவங்களோ பகல்ல எழுதினத அந்தப் பெரிய பெட்டி எடுத்து மெஷினுக்குப் புரியுற மாதிரி மாத்துது, அதுக்குப் பேரு பில்டு. அப்புறம் அத சின்ன போர்டுல ஏத்தி, போர்டு கண்ணு முழிக்குதா, ஒழுங்கா பேசுதா, நாலு வேலை குடுத்தா செய்யுதான்னு பாக்குது, அது டெஸ்ட். பாஸ் ஆனா பச்சை, விழுந்தா சிவப்பு.

இதுல ஒரு விஷயம் என்னன்னா, அவன் எழுதுறது போன்ல வர்ற ஆப் மாதிரி இருக்காது. ஆப் நின்னுபோனா மூடித் தொறந்தா சரியாயிடும். இது அதுக்கும் அடியில, கரண்ட் வந்த உடனே முதல்ல ஓடுற சமாச்சாரம், இதுல தப்பு நடந்தா மெஷின் எந்திரிக்கவே எந்திரிக்காது, ப்ரிக் ஆயிடுச்சும்பாங்க, செங்கல்லுதான். விக்கப்போற ஆயிரம் பெட்டியும் செங்கல்லா போகுறதுக்கு, வீட்டுல இருக்குற ஒரு போர்டு ராத்திரி மூணு மணிக்கு செங்கல்லா போனா லாபம்.

கரண்ட் விஷயத்துல உங்க பக்கம் நியாயம் இருக்கு. 300 வாட் இழுக்குற பெட்டி இருவத்துநாலு மணி நேரமும் ஓடினா ஒரு நாளைக்கு 7.2 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 430 யூனிட்டுக்கு மேல, நமக்கு இலவசமா வர்ற 100 யூனிட்டு எங்க போச்சுன்னே தெரியாது. சின்ன போர்டு அப்படியில்ல, 5 வாட்டுன்னு வச்சுக்கிட்டா ரெண்டு மாசத்துக்கு 7 யூனிட்டுதான். அதனால தம்பிகிட்ட சொல்லுங்க, வேலை இல்லாத நேரத்துல பெரிய பெட்டிய தூங்க வைக்கலாம், வேலை வந்தா ஒரு சின்ன போர்டே நெட்வொர்க் வழியா அத எழுப்பிவிடும், வேக் ஆன் லேன்னா அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் சோம்பேறித்தனத்துல பண்ணாம இருப்பான், நானும் ரெண்டு வருஷம் பண்ணல. 1932லேந்து பைக்காரா தண்ணிய வச்சு கரண்ட் எடுத்துக்கிட்டு இருக்குற மலையில உக்காந்துக்கிட்டு கரண்டுக்குக் கணக்குப் பாக்குறோம், என்னத்த சொல்ல.

கேள்வி: அக்கா, நான் ஒரு சின்ன சென்சார் பெட்டிக்கு ஃபர்ம்வேர் எழுதுறேன். எழுதினத கையாலயே ஃப்ளாஷ் பண்ணி (போர்டுல ஏத்தி) ஓட்டிப் பாத்துட்டுத்தான் அனுப்புறேன். இதுக்கு தனியா ஒரு ஆட்டோமேட்டிக் பில்டு சிஸ்டம் வேணுமா? (குன்னூர்)

தம்பி, நீங்க ஓட்டிப் பாத்தது உங்க லேப்டாப்ல இருக்குற கோடு, அதாவது நீங்க எழுதின புரோகிராம். அனுப்பினது கிட்ல (கோடோட ஒவ்வொரு மாத்தத்தையும் சேத்து வைக்கிற சிஸ்டம்) கமிட் பண்ண, அதாவது பதிஞ்சு வச்ச கோடு. ரெண்டும் ஒண்ணுன்னு யாரு சொன்னா? புதுசா ஒரு ஹெட்டர் ஃபைல் எழுதி கிட் ஆட் பண்ண மறந்துட்டீங்க, உங்க மெஷின்ல அது இருக்கு, பில்டு ஓடும், மத்தவனுக்கு ஓடாது. "என் மெஷின்ல ஓடுதே"ன்னு நம்ம தொழில்ல தெனம் யாராவது ஒருத்தர் சொல்றது பாதிக்குப் பாதி இதுதான். வெறும் ஃபோல்டர்ல கிட்லேந்து புதுசா க்ளோன் (காப்பி) எடுத்து பில்டு பண்ற ஒரு மெஷின், வேற ஒண்ணுமே செய்யாட்டியும் பரவால்ல, அதுவே பாதிப் பிரச்சனைய பிடிச்சிரும்.

அடுத்தது கான்ஃபிக், எந்த வசதி ஆன், எது ஆஃப்ங்கற அமைப்பு. உங்க பெட்டியில புளூடூத் உள்ளது, இல்லாதது, டிபக் (தப்பு தேடுற வசதி) ஆன், டிபக் ஆஃப்னு வச்சாலே நாலு விதம் ஆச்சு, நீங்க கையால ஓட்டுறது எப்பவும் டிபக் ஆன்ல இருக்குற ஒண்ணுதான்னு எனக்குத் தெரியும். லினக்ஸ் கெர்னல்ல (லினக்ஸ் சிஸ்டத்தோட அடிப்படை புரோகிராம்) இந்த மாதிரி ஆன் ஆஃப் பண்ற ஆப்ஷன் பத்தாயிரத்துக்கு மேல இருக்கு, எல்லாத்தையும் ஓட்டிப் பாக்குறது மனுஷனால மட்டுமில்ல, மெஷினாலயும் ஆகாது, அதனாலதான் ராண்ட்கான்ஃபிக்னு ஒண்ணு வச்சிருக்காங்க, குருட்டாம்போக்குல ஆப்ஷன எல்லாம் தட்டிவிட்டு பில்டு ஆகுதான்னு பாக்குறது, இன்டெல்காரங்க நடத்துற கெர்னல் டெஸ்ட் ரோபோ ராத்திரி பகலா இந்த மாதிரி ஓட்டி, உடைஞ்சா அந்த பேட்ச் (கோடுல பண்ண திருத்தம்) எழுதினவருக்கே நேரா மெயில் போட்டுடும்.

ரெண்டு பேர் சேந்து வேலை பாத்தா இன்னொண்ணு. நீங்க ஒரு ஃபங்ஷனோட பேர மாத்துறீங்க, அதே நாள் உங்க நண்பர் பழைய பேர்ல அத புதுசா ஒரு இடத்துல கூப்புடுறார். தனித்தனியா ரெண்டும் பச்சை. சேத்தா உடையும். அதனால சேத்த பிறகு எப்படி இருக்கும்ங்கறத, சேக்குறதுக்கு முன்னாடியே ஓட்டிப் பாக்கணும். ரஸ்ட் மொழிய ஆரம்பிச்ச க்ரேடன் ஹோர் 2014ல இத ஒரு விதியாவே எழுதி வச்சார், எல்லா டெஸ்டும் பாஸ் ஆகுற ஒரு கிளைய மெஷினே பாத்துக்கணும், மனுஷன் கை அதுல படக் கூடாதுன்னு. இதுல ராக்கெட் சயின்ஸ் ஒண்ணும் இல்லன்னு அதுக்குப் பேர் வச்சார், ஆனா இன்னமும் பாதிப் பேர் பண்றதில்ல.

கேள்வி: அக்கா, ஊட்டியில நாங்க மூணு பேர், ஆறு போர்டு. ராத்திரி பன்னெண்டுக்கு டெஸ்ட் ஆரம்பிக்கும், காலைல பாத்தா ரெண்டு மூணு சிவப்பு. திருப்பி ஓட்டினா பச்சை. கோடுல ஒண்ணும் மாத்தல. தொல்லை தாங்காம, சிவப்பு வந்தா தானா இன்னும் மூணு தடவை ஓடுற மாதிரி வச்சுட்டோம், இப்ப நிம்மதியா இருக்கு. சரிதானே?

நிம்மதியா இருக்கும், காட்டெருமை தோட்டத்துக்குள்ள வந்தா நாய் குலைக்குதேன்னு நாயக் கொண்டுபோய் பக்கத்து வீட்டுல விட்டா அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூக்கம் வரத்தான் செய்யும்.

ஒரு கணக்கு பாருங்க. உங்க கோடுல அஞ்சு ஓட்டத்துக்கு ஒரு தடவை வர்ற பக் ஒண்ணு இருக்குன்னு வைங்க, புரோகிராமுக்குள்ள பக்கம் பக்கமா ஓடுற ரெண்டு த்ரெட் ஒரே நேரத்துல மெமரியில ஒரே இடத்த தொடுற மாதிரி ஏதோ ஒண்ணு. முதல் ஓட்டம், அப்புறம் மூணு ரீட்ரை, மொத்தம் நாலு. நாலும் சிவப்பா இருந்தாத்தான் உங்க கண்ணுக்கு வரும். அதாவது 625க்கு ஒரு தடவை. தெனம் ஒரு ராத்திரின்னா ஒண்ணே முக்கால் வருஷம் ஆகும் நீங்க அத ஒரு தடவை பாக்குறதுக்கு, ஆனா வாங்கின ஆளுக்கு அஞ்சு நாளைக்கு ஒரு தடவை பெட்டி நின்னுரும்.

சரி, எல்லாச் சிவப்பும் கோடு தப்புன்னு நான் சொல்லல. எங்கிட்ட ஆரம்பத்துல வந்த சிவப்புல பெரும்பாலும் வயரும் கரண்டும்தான். எங்க பாக்கணும்னு எனக்கு அடி வாங்கின வரிசையிலயே சொல்றேன்.

முதல்ல சீரியல் கேபிள், போர்டு பேசுறத கம்ப்யூட்டருக்குக் கொண்டு வர்ற வயர். ஆறு போர்டுக்கும் ஆறு யூஎஸ்பி சீரியல் வயர் சொருகியிருப்பீங்க, கரண்ட் போய் வந்தா எது முதல்ல கண்ணு முழிக்குதோ அதுக்கு சீரோ, அடுத்தது ஒண்ணுன்னு நம்பர் விழும், நேத்து மூணாவதா இருந்த போர்டு இன்னைக்கு அஞ்சாவது. ஒரு போர்டுல ஃப்ளாஷ் பண்ணிட்டு வேற போர்டோட பேச்சக் கேட்டுக்கிட்டு இருப்பீங்க. பேர் வச்சு பிடிக்கணும்பாங்க, சரிதான், ஆனா விலை கம்மியான அடாப்டர்ல வர்ற சிஎச்340 சிப்புல தனி சீரியல் நம்பரே கிடையாது, எல்லாம் ஒரே மூஞ்சி. அதுக்கு எந்த ஹப்புல எந்த ஓட்டையில சொருகியிருக்குன்னு பாதைய வச்சுப் பேரு வைக்கணும், வச்சுட்டு அந்த ஓட்டைக்குப் பக்கத்துல பேனாவால எழுதி ஒட்டிருங்க, இல்லன்னா ரூம் பெருக்க வர்றவங்க கழட்டிச் சொருகினா அன்னைக்கு ராத்திரி கதை கந்தல்.

ரெண்டாவது ரொம்ப நாள் என்னை ஆட்டி வச்சது. போர்டு தொங்கிப்போச்சு, ரிலே வச்சு கரண்ட கட் பண்ணி திருப்பிக் குடுக்குறேன், ஆனாலும் எந்திரிக்கல. கையால வயரையெல்லாம் உருவிட்டுச் சொருகினா எந்திரிக்குது. பாத்தா, மெயின் கரண்ட கட் பண்ணாலும் சீரியல் கேபிளோட டிஎக்ஸ் (அனுப்புற) வயர் 3.3 வோல்ட்ல சும்மா நின்னுக்கிட்டு இருக்கு, அது வழியா கொஞ்சூண்டு கரண்ட் உள்ள ஒழுகி சிப்பு முழுசா சாகாம அரை உசுரோட கெடக்குது. ரீசெட்டே ஆகல. போர்டுக்குக் கரண்ட நிறுத்துறப்ப சீரியல் அடாப்டர் இருக்குற யூஎஸ்பி போர்ட்டோட கரண்டையும் சேத்து நிறுத்தணும், பத்து செகண்டு விடணும், அதுக்கப்புறம்தான் குடுக்கணும். போர்ட்டுக்குப் போர்ட் தனியா கரண்ட நிறுத்துற ஹப் எல்லாக் கம்பெனியும் பண்றதில்ல, பாத்து வாங்குங்க.

எஸ்டி கார்டு தேயும், தெனம் ராத்திரி அதுல இமேஜ் (பில்டு பண்ணி வந்த முழு மூட்டை) எழுதினா சீக்கிரமே போகும், முடிஞ்சா கார்டையே தொடாம நெட்வொர்க் வழியா பூட் பண்ணுங்க (போர்ட எழுப்புங்க), யூ பூட்டுல (போர்ட எழுப்புற பூட்லோடர் புரோகிராம்) டிஎஃப்டிபி போட்டு கெர்னல நெட்வொர்க் வழியா இழுத்து, மத்த ஃபைலெல்லாம் என்எஃப்எஸ்ல வேற மெஷின்லயே வச்சா கார்டு சும்மா கெடக்கும். ஆறு போர்டுக்கும் ஒரே அடாப்டர்லேந்து கரண்ட் குடுத்திருந்தா அதையும் பாருங்க, ஒண்ணு வைஃபை ஆன் பண்ணுறப்ப பக்கத்துது மயங்கி விழும்.

இப்ப முக்கியமானது. சிவப்ப சந்தேகப்படுறோம் சரி, பச்சைய யாராவது சந்தேகப்படுறோமா?

எனக்கு நடந்தது. பில்டு ஓட்டுறதுக்கு அப்ப ராஸ்பெரி பை 4ங்கற சின்னக் கம்ப்யூட்டர் ஒண்ணு வச்சிருந்தேன், அதுல கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது, கரண்ட் போனா மணி மறந்துடும். கடைசியா மணிக்கு ஒரு தடவை எழுதி வச்ச நேரத்த எடுத்துக்கிட்டு எந்திரிக்கும், அப்புறம் இன்டர்நெட்டுல கேட்டு சரி பண்ணிக்கும். அன்னைக்கு ஐப்பசி மழை, இடி. ராத்திரி 2.17க்கு நேரத்த எழுதி வச்சிருக்கு, 2.50க்கு ஒரு பில்டு முடிஞ்சிருக்கு, 2.55க்கு கரண்ட் போச்சு. நாலு மணிக்கு வந்துச்சு, ஆனா ஃபைபர் இன்டர்நெட் வரல. பை எந்திரிச்சு மணி 2.17னு நெனைச்சுக்கிட்டு அடுத்த பேட்ச எடுத்து சோர்ஸ் ஃபைல (மனுஷன் எழுதின கோடு) மாத்துது, ஃபைல் மேல 2.20னு நேரம் விழுது. அதுலேந்து முன்னாடி பில்டு ஆன பழைய ஆப்ஜெக்ட் ஃபைல் மேல 2.50. எத திருப்பி பில்டு பண்ணணும்னு ஃபைலோட நேரத்த வச்சு முடிவு பண்ற மேக்ங்கற புரோகிராம் என்ன பண்ணும்? ஆப்ஜெக்ட்டுதான் புதுசு, ஒண்ணும் பண்ண வேண்டாம்னு விட்டுருச்சு. பழைய பைனரியையே (பில்டு ஆகி வந்தத) போர்டுல ஏத்தி, எல்லா டெஸ்டும் பாஸ், பளிச்சுன்னு பச்சை. அந்த பேட்ச் பூட்டே ஆகாத பேட்ச்! அத நம்பி நான் அடுத்த ஆளுக்கு அனுப்பியும் வச்சுட்டேன். லாக்ல (பில்டு ஓடினதோட குறிப்பு) "க்ளாக் ஸ்க்யூ டிடெக்டட்", மணி ஒத்துப்போகலன்னு மேக் கத்தியிருக்கு, பச்சையா இருக்குற லாக்க யாரு தொறந்து பாக்குறா.

அன்னைலேந்து ரெண்டு பழக்கம். பில்டுல கமிட் நம்பர இமேஜுக்குள்ளயே எழுதிடுறேன், போர்டு எந்திரிச்ச உடனே சீரியல்ல அத சொல்லணும், நான் பில்டு பண்ணதும் அது சொல்றதும் ஒண்ணா இருந்தாத்தான் முதல் டெஸ்டே பாஸ், இல்லன்னா மேற்கொண்டு ஓட்டவே விடமாட்டேன். அப்புறம் நேரம் சரியாகுற வரைக்கும் பில்டு ஆரம்பிக்காது, எவ்ளோ நேரம் ஆனாலும் சரி. கொஞ்சக் காசுக்கே கடிகாரச் சிப்பு பேட்டரியோட கெடைக்குது, அதையும் மாட்டிக்கங்க.

ரீட்ரைய எடுத்துருங்க. அதுக்குப் பதிலா மஞ்சள்னு ஒரு கலர் வைங்க. போர்டு ஒரு எழுத்துகூட பேசல, கேபிள் காணோம், இமேஜ் போய்ச் சேரல, இதெல்லாம் மஞ்சள், கோடு எழுதினவனுக்குப் போகக் கூடாது, உங்களுக்கு வரணும். போர்டு எந்திரிச்சு, சரியான கமிட்டச் சொல்லி, அதுக்கப்புறம் விழுந்தா அதுதான் சிவப்பு. லினாரோங்கற கம்பெனிக்காரங்க போர்டு டெஸ்டுக்குன்னு பண்ண லாவாங்கற சிஸ்டத்துல ஹெல்த் செக்னு ஒண்ணு உண்டு, நல்லா ஓடும்னு ஏற்கனவே தெரிஞ்ச ஒரு இமேஜ அப்பப்ப ஓட்டிப் பாப்பாங்க, அதுவே விழுந்தா போர்டுக்குத்தான் ஒடம்பு சரியில்ல, வரிசையிலேந்து எடுத்து ஓரமா வச்சிரும். அத நீங்க முப்பது வரி ஸ்கிரிப்ட்லயே பண்ணிக்கலாம்.

கேள்வி: பில்டத் தானா ஓட்டுறதுக்கு ஜெங்கின்ஸா, கிட்லாப்பா, பில்ட்பாட்டா, எது நல்லது? (கூடலூர்)

எதுன்னாலும் ஓகே. ஜெங்கின்ஸ் 2011க்கு முன்னாடி ஹட்சன்ங்கற பேர்ல இருந்தப்பவே அதுல குப்ப கொட்டியிருக்கேன், அப்ப இருந்த அதே கஷ்டம்தான் இப்பவும், கஷ்டம் அதுல இல்லவே இல்ல, போர்டுல. மூணு போர்டுக்குக் கீழன்னா ஒரு ஷெல் ஸ்கிரிப்டும், அத நேரத்துக்கு ஓட வைக்கிற கிரானும் போதும். எது போட்டாலும் கான்ஃபிக ஸ்க்ரீன்ல க்ளிக் பண்ணி வைக்காம ஃபைலா எழுதி கிட்ல வைங்க, கூடலூர் மழைக்கு அந்த மெஷின் போச்சுன்னா திரும்ப எழுப்பணும்ல.

கேள்வி: மேடம், போர்டு வாங்கக் காசில்ல. போர்டு மாதிரியே நடிக்கிற க்யூஈஎம்யூ புரோகிராம்லயே ஓட்டினா பத்தாதா? (மாணவர், கொடைக்கானல்)

ஆரம்பிக்க தாராளமாப் பத்தும். ஃபாப்ரீஸ் பெல்லார் 2003ல வெளியிட்ட அந்த ஒரு புரோகிராம் இல்லன்னா பாதிப் பேர் கெர்னல் பக்கமே வந்திருக்க மாட்டோம். பூட் ஆகுதா, டெட்லாக்ல (ரெண்டு வேலை ஒண்ணுக்கொண்ணு காத்துக்கிட்டு) தொங்குதா, ஃபைல் சிஸ்டம் மவுன்ட் ஆகுதா எல்லாம் அதுலயே பாருங்க, ஒரு நிமிஷத்துல முடியும், கேபிள் கெடையாது, கரண்ட் ஒழுகாது.

ஆனா அது ரொம்ப நல்ல பிள்ளை, அதான் கொறை. அதுல மெமரி ஆரம்பத்துல சுத்தமா சைபரா இருக்கும், நெஜ போர்டுல கரண்ட் குடுத்த உடனே மெமரியில குப்பையா கெடக்கும். ஒரு வேரியபிளுக்கு மதிப்பு வைக்க மறந்துட்டீங்கன்னா க்யூஈஎம்யூ மன்னிச்சிரும், போர்டு மன்னிக்காது. கேஷ்னு ஒண்ணு (சிப்பு பக்கத்துலயே வச்சுக்குற வேகமான மெமரி) அதுல கெடையாது, அதனால டிஎம்ஏ (சிப்பக் கேக்காம மெமரியிலேந்து நேரா டேட்டா எடுக்குறது) பண்றதுக்கு முன்னாடி கேஷ ஃப்ளஷ் பண்ண (மெமரிக்குத் தள்ள) மறந்தா தெரியாது. உங்க லேப்டாப் இன்டெல், அதுல ஆர்ம் (போன்லயும் சின்ன போர்டுலயும் இருக்குற சிப்பு வகை) கோட ஓட்டுறீங்கன்னா இன்டெல் மெமரிய கொஞ்சம் கட்டுப்பாடா வரிசையா எழுதுற ஆளு, நெஜ ஆர்ம் சிப்பு முன்ன பின்ன மாத்தும், வரிசைய மாத்தாதன்னு சொல்ற பேரியர நீங்க போட மறந்தது லேப்டாப்ல வருஷக்கணக்கா மறைஞ்சு கெடக்கும். அதனால பத்துக்கு ஒம்போது டெஸ்ட க்யூஈஎம்யூல வச்சுட்டு, காசு சேந்ததும் ஒரே ஒரு போர்டு வாங்குங்க.

உங்க ஊர்ல சூரியனப் பாக்குற கூடம் இருக்குல்ல, 1899ல ஆரம்பிச்சது. நூறு வருஷத்துக்கு மேல தெனம் சூரியனப் படம் எடுத்து அடுக்கி வச்சிருக்காங்க, இன்னைக்கு ஒண்ணும் விசேஷம் இல்லன்னு விட்டுடுறதில்ல. உங்க லாகையும் அப்படி வைங்க, பச்சையானதையும் சேத்து. பூட் ஆக போன மாசம் 4.1 செகண்டு, இந்த மாசம் 4.9ன்னா எந்த டெஸ்டும் சிவப்பாகாது, ஆனா எங்கயோ ஏதோ நடந்திருக்கு, பழசு கைல இருந்தாத்தானே தெரியும்.

கேள்வி: நேத்து வரைக்கும் ஓடினது இன்னைக்கு ஓடல, நடுவுல 200 கமிட். எவன் உடைச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்க? (மஞ்சூர்)

ஓடையிலேந்து வீட்டுக்குக் கருப்பு ஓஸ் பைப் இழுத்து தண்ணி எடுக்குற வீடா உங்களுது? தண்ணி நின்னுபோனா என்ன பண்ணுவீங்க, ஓடை வரைக்கும் ஒவ்வொரு ஜாயின்டா கழட்டிக்கிட்டே ஏறுவீங்களா? நடுவுல ஒரு ஜாயின்டக் கழட்டிப் பாப்பீங்க. அங்க தண்ணி வந்தா அடைப்பு கீழ, வரலன்னா மேல. அப்புறம் அந்தப் பாதியில நடு. கிட் பைசெக்ட் அதேதான். 200 கமிட்டுக்கு எட்டு தடவை ஓட்டினா ஆள் சிக்கிருவார். லினக்ஸ்ல ஒம்போது பத்து வாரத்துக்கு ஒரு வெர்ஷன் வரும், ஒரு வெர்ஷனுக்குப் பத்தாயிரத்துக்கு மேல கமிட், அதுக்கே பதினாலு பதினஞ்சு தடவையில முடிஞ்சிரும். பைசெக்ட் ரன்னுன்னு குடுத்துட்டு ஸ்கிரிப்ட ஒப்படைச்சுட்டா நீங்க தூங்கலாம், நடுவுல பில்டே ஆகாத கமிட் வந்தா ஸ்கிரிப்ட் 125ன்னு சொல்லி வெளிய வரட்டும், அத தாண்டிப் போயிரும்.

மேல ஊட்டிக்காரருக்குச் சொன்னது இங்கயும் உதைக்கும், டெஸ்ட் ஒரே ஒரு தடவை பொய் சொன்னா போதும், தப்பான பாதிக்குள்ள போய் ஒரு அப்பாவி பேர்ல முடியும். பைசெக்ட் கடைசியா காட்டின கமிட்ட மட்டும் திருப்பி எடுத்துட்டு ஓட்டிப் பாத்து, நெஜமாவே சரியாகுதான்னு பாத்துட்டு அப்புறம் அவருக்கு மெயில் போடுங்க. "எவன்"னு கேக்காதீங்க, பாதி தடவை நம்மளாத்தான் இருக்கும்.

கேள்வி: எங்க பிராஜெக்ட் ஓபன் சோர்ஸ். யாரு வேணா பேட்ச் அனுப்பலாம், வந்த உடனே எங்க வீட்டு மெஷின்ல தானா பில்டு ஆகி போர்டுல ஓடும். ஏதாவது ஆபத்து உண்டா? (அரவங்காடு)

உண்டான்னா? முன்பின் தெரியாத ஆளு எழுதின புரோகிராம உங்க வீட்டு நெட்வொர்க்குள்ள நீங்களே கூப்புட்டு உக்கார வச்சு ஓட்டுறீங்க. மேக்ஃபைல்ல (எப்படி பில்டு பண்ணணும்னு சொல்ற ஃபைல்) என்ன வேணா எழுதலாம், பில்டு முடியுறதுக்குள்ள உங்க பாஸ்வேர்ட் ஃபைல வெளிய அனுப்பலாம். கிட்ஹப்காரங்களே சொல்றாங்க, யாரும் பாக்குற பொது ரெப்போவுக்கு (கோடு வைக்கிற இடம்) சொந்த மெஷின ரன்னரா (பில்டு ஓட்டுற மெஷினா) போடாதீங்கன்னு. புது ஆளோட பேட்ச நீங்க ஒரு தடவை கண்ணால படிச்சு ஓகே குடுத்த பிறகுதான் ஓடணும், அதுவும் ஓடி முடிஞ்சதும் தூக்கிப் போடுற விர்ச்சுவல் மெஷின்ல. இது நம்ம ரிலீஸ்தான்னு சைன் பண்ற டிஜிட்டல் சாவி அந்த மெஷின் பக்கமே வரக்கூடாது. போர்டுலயும் கவனம், பூட்லோடரையே மாத்தி எழுதிட்டா அடுத்த டெஸ்டெல்லாம் அவன் சொன்னபடி கேக்கும், ஈஃப்யூஸ (சிப்புக்குள்ள ஒரே ஒரு தடவை எழுதுற இடம்) எரிச்சுட்டா போர்டையே வேற வாங்கணும்.

2024 மார்ச்ல எக்ஸ்இசட் விவகாரம் நடந்துச்சே, பெரும்பாலான லினக்ஸ்லயும் இருக்குற, ஃபைல சுருக்குற ஒரு லைப்ரரி. வருஷக்கணக்கா நல்ல பிள்ளையா கூட வேலை பாத்த ஒரு ஆளு, டெஸ்டுக்கு வச்சிருந்த ஃபைலுக்குள்ளயே விஷத்த ஒளிச்சு வச்சு, பில்டு ஸ்கிரிப்ட் அத எடுத்து சேக்குற மாதிரி பண்ணியிருந்தார், அதுல ஒரு துண்டு கிட்லயே கெடையாது, ரிலீஸ் பண்ண மூட்டையில மட்டும்தான். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல வேலை பாக்குற ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், எஸ்எஸ்எச் (தூரத்துலேந்து மெஷினுக்குள்ள நுழையுற வழி) லாகின் வழக்கத்த விட அரை செகண்டு கூட ஆகுதேன்னு நோண்டப் போய் மாட்டுச்சு. அவ்ளோ பேர் ஓட்டின டெஸ்டு எதுவும் அத இன்னதுன்னு காட்டிக் குடுக்கல.

கேள்வி: அக்கா, நான் டீம்ல புதுசு, பில்டு மெஷின பாத்துக்குற வேலை எனக்கு. சிவப்பு வந்தா மெயில் போகும். யாரும் பாக்குறதில்ல, சீனியர் அண்ணா "உன் சிஸ்டம் சரியில்லம்மா"ன்னு சிரிக்கிறார். அழுகையா வருது. (பேர் வேண்டாம், குன்னூர்)

அழாத தங்கச்சி. அவர் சிரிக்கிறதுக்குக் காரணம் இருக்கான்னு முதல்ல பாத்துரு. போன மாசம் போன மெயில எல்லாம் எடு, அதுல எத்தனை நெஜமாவே கோடு தப்பு, எத்தனை வயரு கரண்டுன்னு ஒரு நோட்டுல எழுது. பாதிக்கு மேல வயருன்னா அண்ணா பக்கம் நியாயம், ஒரு வாரம் கோடு மெயில நிறுத்திட்டு போர்ட சரி பண்ணு, நிறுத்துறேன்னு சொல்லிட்டே நிறுத்து.

அப்புறம் மெயில மாத்து. எல்லாருக்கும் போடாத, எழுதின ஆளுக்கு மட்டும். தலைப்புலயே எந்தக் கமிட், எந்த போர்டு. உள்ள போனா கான்ஃபிக், கம்பைலர் (கோட மெஷினுக்குப் புரியுற மாதிரி மாத்துற புரோகிராம்) வெர்ஷன், விழுந்த இடத்துலேந்து இருவது வரி லாக் (நாலாயிரம் வரி லிங்க் குடுத்தா நானும் தொறக்க மாட்டேன்), கடைசியா காப்பி பண்ணி ஒட்டினா அவர் மெஷின்லயே அதே தப்பு வர்ற மாதிரி ஒரு கமாண்டு. அந்தக் கமாண்டு இருந்தா சிரிக்க முடியாதும்மா, ஒட்டிப் பாத்தா விழும். ஒரு தடவை அவரோட பேட்ச்லயே விழுந்துச்சுன்னா அதுக்கப்புறம் பாரு.

கேள்வி: ஊட்டி ஈரத்துல போர்டெல்லாம் பூத்துப்போகுது, வாரத்துக்கு ஒரு தடவை குரங்கு ஃபைபர் லைன்ல ஊஞ்சலாடி அத்துடுது. இங்க உக்காந்துக்கிட்டு இதெல்லாம் நடத்த முடியுமாக்கா? (ஃபிங்கர்போஸ்ட் பக்கம்)

முடியுது, நடத்திக்கிட்டுதானே இருக்கேன். ஈரத்துக்கு, ஓடிக்கிட்டு இருக்குற போர்டு அதோட சூட்டுலயே காஞ்சு கெடக்கும், பயம் இல்ல. ராத்திரி பூரா ஆஃப்ல கெடந்து சில்லுனு ஆன போர்டு இருக்குற ரூம்ல காலைல கெட்டில்ல தண்ணி கொதிக்க வச்சு டீ போடுவோம்ல, அந்த ஆவி அது மேல போய் வேர்த்து நிக்கும், அந்த நேரம் பாத்து கரண்ட் குடுத்தாத்தான் பூக்குறது. அதனால ஆஃப் பண்ணாதீங்க, பண்ணா ரூம் ஒரு மணி நேரம் சூடான பிறகு ஆன் பண்ணுங்க. டெஸ்ட் ரூம்ல டீ போடாதீங்க. ஜன்னல் ஓரமா வைக்காதீங்க, 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்த வாரம் எங்க ஜன்னல் வழியா மழை படுக்கையா வந்துச்சு.

குரங்குக்கு, கிட் ரெப்போவோட ஒரு மிரர் (காப்பி), கம்பைலர், வெளியிலேந்து இழுக்குற எல்லா லைப்ரரியும் வீட்டுலயே ஒரு டிஸ்க்ல வச்சிருங்க, பில்டு நடுவுல இன்டர்நெட்டத் தொடவே கூடாதுன்னு அடைச்சிருங்க. சிசிகேஷ் போட்டா மாறாத ஃபைல திருப்பி கம்பைல் பண்ணாது, யூபிஎஸ்ல ஓடுறப்ப அந்த மிச்சம் பெருசு. போன மாசம் எங்க லைன் அத்து ரெண்டு நாள் வரல, லைன்மேன் அண்ணன் மழை விடட்டும்னுட்டார். கைல இருந்த பேட்ச் வரிசை முழுக்க பில்டு, டெஸ்ட் எல்லாம் அது பாட்டுக்கு ஓடி முடிஞ்சிருந்துச்சு. மெயில் மட்டும்தான் போகல, மூணாவது நாள் காலைல லைன் வந்த உடனே பதினோரு பேருக்கு ஒரே நேரத்துல விழுந்துச்சு, ஒம்போது பச்சை, ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள். மஞ்சள் என்னோடது, ரூம் பெருக்கினப்ப கேபிள் கழண்டிருக்கு.